கருவி உள்ளே போகாத அறுவை: முழங்கால் தேய்மானச் சிகிச்சை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், 1995 அக்டோபரிலிருந்து 1998 செப்டம்பர் வரை, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள நோயாளிகள் ஓர் ஆய்வுக்காகச் சேர்க்கப்பட்டார்கள். நோயாளி அறுவை அரங்கத்துக்குள் வந்து சேர்ந்த பிறகே அறுவை மருத்துவரின் கையில் ஓர் உறை தரப்படும். அவருக்குச் செய்யவேண்டியது மூட்டைக் கழுவிச் சுரண்டிச் சீராக்குவதா, கழுவுவது மட்டுமா, அல்லது எதுவுமே இல்லையா என்பது அந்த உறையைப் பிரிக்கும்வரை மருத்துவருக்கும் தெரியாது.

'எதுவுமே இல்லை' என்று வந்துவிட்டால், அதற்குப் பிறகு நடந்தது கவனமாக ஒத்திகை பார்க்கப்பட்ட ஒரு நாடகம். நோயாளிக்கு முழு மயக்கம் தரப்படவில்லை. குறைந்த நேரமே வேலைசெய்யும் அமைதிப்படுத்தும் மருந்தும் வலிநீக்கியும் ஊசி வழியே செலுத்தப்பட்டன. முழங்காலைத் துடைத்து, துணி போர்த்தி, தோலில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று கீறல்கள் போடப்பட்டன. மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். காலை மடக்கினார், நீட்டினார், திருப்பினார். மூட்டைக் கழுவும்போது எழும் ஓசை கேட்கவேண்டும் என்பதற்காக உப்புநீரைச் சலசலவென்று சிதறவிட்டார்கள். உண்மையான அறுவைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நோயாளி அரங்கத்திலேயே வைக்கப்பட்டார். அன்றிரவு அவரும் மற்றவர்களைப் போலவே மருத்துவமனையில் தங்கினார். கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கு அவர் எந்தக் குழு என்பது தெரியாது. அந்த மூன்று கீறல்களின் வழியே ஒரு கருவிகூட மூட்டுக்குள் போகவில்லை.

தசை, எலும்பு, மூட்டு சார்ந்த ஆய்வுகளின் வரலாற்றில் இந்த நிகழ்வை மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம், அது ஒரு சிகிச்சையைப் பொய்யாக்கியது என்பது மட்டுமன்று. அது எந்தக் கேள்விக்கு விடை தந்தது, எந்தக் கேள்விக்குத் தரவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்காமலேயே அதை மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. சொல்லப்போனால், அந்த ஆய்வின் குறைகள்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் ஆய்வுத்திட்டத்தை வகுத்துத் தந்தன.

அன்றைய நிலை

மூட்டுக்குள் குழாயை நுழைத்துப் பார்க்கும் முயற்சி பழையது. டோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர் 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கான கருவியைக் கொண்டு ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனாபே, நடைமுறைக்கு உதவும் மூட்டு உள்நோக்கியை 1950களின் இறுதியில் உருவாக்கினார். 1962இல் அதன் வழியே முழங்கால் ஜவ்வின் (தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த மெனிஸ்கஸ்) ஒரு பகுதியை வெட்டியும் எடுத்தார். ஆர்த்ரோஸ்கோப்பி என்று இன்று எல்லோரும் சொல்லும் முறை இதுதான். சிறிய கீறல், விரைவில் வீடு திரும்புதல், திரையில் கண்ணெதிரே தெரியும் கிழிசல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை அறுவை மருத்துவத்தின் செல்லப்பிள்ளை ஆக்கின.

தேய்மானத்துக்கு இதைப் பயன்படுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணமும் கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. தேய்ந்த குருத்தெலும்பின் துணுக்குகளும் அழற்சியைத் தூண்டும் நொதிகளும் மூட்டுநீரில் மிதக்கின்றன; அவற்றைக் கழுவி வெளியேற்றி, சொரசொரப்பான பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்கினால் வலி குறையும் என்பதே அந்த விளக்கம். இதில் இடறும் இடம் ஒன்று உண்டு. குருத்தெலும்புக்குள் நரம்பு இல்லை, இரத்தக்குழாயும் இல்லை. ஆகவே அதைச் சுரண்டுவதால் வலி நேரடியாகக் குறைய வழியில்லை, சுரண்டிய இடத்தில் பழைய தரமான திசு மீண்டும் வளர்வதும் இல்லை. தேய்மானத்தின் வலி பெரும்பாலும் குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள்சவ்விலிருந்தும், மூட்டுறையிலிருந்தும் எழுகிறது. இது அன்றே தெரிந்த செய்திதான். ஆயினும் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். கண்முன் தேறுகிறவரை வைத்துக்கொண்டு உடற்கூற்றியல் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 6,50,000 அறுவைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர் என்று ஹூஸ்டன் குழுவே தன் கட்டுரையில் குறிப்பிட்டது.

குழுவின் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ப்ரூஸ் மோஸ்லி. தொடக்கத்தில் அவர் அறிய விரும்பியது கழுவுவது நல்லதா, சுரண்டுவது நல்லதா என்பதைத்தான். பலன் அறுவையால் வராமல், அறுவை நடந்தது என்ற எண்ணத்தால் வந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை எழுப்பியவர் மருத்துவச் சேவை ஆய்வாளரான நெல்டா ரே. 10 பேரைக் கொண்ட முன்னோட்ட ஆய்வு 1996இல் வெளியானது. அதில் 5 பேருக்குப் போலி அறுவை. இப்படிச் செய்து பார்க்க முடியும், நோயாளிகளும் ஒப்புக்கொள்வார்கள் என்பதை அது காட்டியது.

போலி அறுவை என்பது அதற்கு முன்பே அறியப்பட்டதுதான். நெஞ்சுவலிக்காக மார்பின் உட்புறத் தமனியைக் கட்டும் அறுவை ஒன்று 1950களில் பரவலாக இருந்தது. லெனர்ட் காப் என்பவரின் குழு 1959இல் 17 நோயாளிகளில் சிலருக்குத் தமனியைக் கட்டியும் மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறியும் ஒப்பிட்டபோது வேறுபாடு எதுவும் தென்படவில்லை; அந்த அறுவை விரைவில் வழக்கொழிந்தது. இவ்வளவு தெளிவான முன்மாதிரி இருந்தும், எலும்பு மூட்டுத் துறை அதைப் பின்பற்ற நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஆய்வின் கட்டமைப்பு

75 வயதுக்கு மேற்படாதவர்கள், குறைந்தது ஆறு மாதம் மருந்துச் சிகிச்சை பெற்றும் மிதமான வலியாவது தொடர்கிறவர்கள், முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆர்த்ரோஸ்கோப்பி செய்துகொள்ளாதவர்கள் ஆகியோரே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதோடு விடவில்லை. தனக்குப் போலி அறுவை மட்டுமே கிடைக்கலாம், அப்படியானால் தன் மூட்டில் அறுவை நடக்காது, அந்தப் போலி அறுவையால் தன் மூட்டுத் தேய்மானத்துக்குப் பயன் இராது என்பதை நோயாளி தன் கைப்படவே தன் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். தகுதி பெற்ற 324 பேரில் 144 பேர், அதாவது 44 விழுக்காட்டினர், மறுத்துவிட்டார்கள். ஒரு நோயாளியை ஏமாற்றாமலேயே அவரிடமிருந்து ஒன்றை மறைத்து வைப்பது எப்படி என்ற சிக்கலுக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரிந்து இல்லை. மறுத்தவர்களின் எண்ணிக்கையே அவர்கள் படித்துப் புரிந்துகொண்டுதான் முடிவெடுத்தார்கள் என்பதற்குச் சான்று.

மீதி 180 பேரில் 59 பேருக்குச் சீராக்கல், 61 பேருக்குக் கழுவுதல், 60 பேருக்குப் போலி அறுவை. முதல் இரு குழுக்களிலும் குறைந்தது 10 லிட்டர் நீர் கொண்டு மூட்டு கழுவப்பட்டது. எல்லா அறுவைகளையும் மோஸ்லி ஒருவரே செய்தார். நோயாளிக்கும், பின்னாளில் வலியை மதிப்பிட்டவர்களுக்கும் குழு எதுவெனத் தெரியாது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது தமக்குப் போலி அறுவைதான் நடந்திருக்கும் என்று ஊகித்தவர்கள் போலிக் குழுவில் 13.8 விழுக்காடு, உண்மையான அறுவை பெற்ற குழுக்களில் 13.2 விழுக்காடு. சிதறவிட்ட உப்புநீர் வீண்போகவில்லை.

முடிவுகள்

கட்டுரை 2002 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. 165 பேர் இரண்டு ஆண்டுகள்வரை தொடர்ந்திருந்தார்கள். முழங்கால் வலியை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில் (எண் கூடினால் வலி கூடுதல்) ஓராண்டு முடிவில் போலிக் குழுவின் சராசரி 48.9, கழுவிய குழு 54.8, சீராக்கிய குழு 51.7. இரண்டாண்டு முடிவில் முறையே 51.6, 53.7, 51.4. எந்தக் கட்டத்திலும் உண்மையான அறுவை போலியை வெல்லவில்லை. நம்பக இடைவெளிகள் (உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்பு) குறுகலாக இருந்தமையால், நோயாளி உணரத்தக்க அளவு பலன் இருந்து அது கண்ணில் படாமல் போயிருக்கும் என்று சொல்லவும் இடமில்லாமற் போயிற்று.

அதிகம் பேசப்படாத இன்னோர் எண்ணும் உண்டு. நோயாளிகளின் சொல்லை மட்டும் நம்பியிராமல், நடப்பதற்கும் படியேறி இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் நொடிக்கணக்கில் அளந்தார்கள். சீராக்கிய குழுவுக்கு இரண்டு வாரத்தில் சராசரி 56.0 நொடி, போலிக் குழுவுக்கு 48.3. ஓராண்டிலும் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்: 52.5க்கு எதிராக 45.6. இரண்டாவது வாரத்து வேறுபாட்டை அறுவைப்புண் ஆறும் காலம் என்று விளக்கிவிடலாம். ஓராண்டுக்குப் பிறகும் இருப்பதை அப்படி விளக்குவது கடினம். பல அளவீடுகளுள் ஒன்று என்பதால் இதைப் பெரிதாக்குவதும் முறையன்று.

எண்கள் சொல்லாத செய்தி

கட்டுரை வெளிவந்ததும் 'நம்பிக்கையே குணப்படுத்துகிறது' என்ற வகையில் செய்திகள் பரவின. ஆய்வு அதைச் சொல்லவே இல்லை. அதில் மூன்று குழுக்கள்தான் இருந்தன; எந்தத் தலையீடும் பெறாமல் வெறுமனே கவனிக்கப்பட்ட நான்காவது குழு இல்லை. ஆகவே போலிக் குழுவில் சிலர் தேறியதற்கு மனத்தின் எதிர்பார்ப்பு எவ்வளவு காரணம், நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு காரணம் என்பதை இந்த ஆய்வைக் கொண்டு பிரிக்க இயலாது. தேய்மான வலி ஒரே நேர்கோட்டில் ஏறிச் செல்வதன்று. சில மாதம் கடுமையாகும், சில மாதம் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் அறுவைக்குச் சம்மதிக்கிறார். அந்த நிலையில் எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், அடுத்த அளவீடு சராசரியை நோக்கி இறங்கி வருவதற்கே வாய்ப்பு அதிகம். அறுவை மருத்துவர் தன் கண்ணால் கண்ட முன்னேற்றம் பொய்யன்று. அது எதனால் வந்தது என்று அவர் கொண்ட முடிவுதான் பிழை.

எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள், எல்லோரும் முன்னாள் படைவீரர்கள். செய்தவர் ஒரே மருத்துவர். முதன்மை வலி அளவுகோல் இந்த ஆய்வுக்கென்றே உருவாக்கப்பட்டது, அதற்கு முன் சரிபார்க்கப்பட்டதன்று. கால் அச்சு கோணியவர்களும் தேய்மானம் முற்றியவர்களும் கலந்திருந்தார்கள். இவற்றில் ஒற்றை மருத்துவர் என்ற குறை எனக்கு அவ்வளவு வலுவானதாகப் படவில்லை. கைத்திறன் மிகுந்த ஒருவர் செய்தும் பலன் இல்லையென்றால் சராசரி மருத்துவர் செய்து பலன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு என்ன முகாந்திரம்? அளவுகோல் பற்றிய குறை வேறு தரத்தது; அதற்கு மறுமொழி சொல்ல இன்னோர் ஆய்வு தேவைப்பட்டது.

அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீடு காத்திருக்கவில்லை. தேய்மானத்துக்காகக் கழுவுவதற்கும், வலி ஒன்றையே காரணமாகக் காட்டியோ தேய்மானம் முற்றிய நிலையிலோ செய்யப்படும் சீராக்கலுக்கும் பணம் தருவதில்லை என்று 2003இல் முடிவெடுத்தது. மூட்டு பூட்டிக்கொள்ளுதல், உதிர்ந்த துண்டு சிக்கிக்கொள்ளுதல் போன்ற இயக்கத் தடைகளுக்கு வழி திறந்தே வைக்கப்பட்டது. மருத்துவ நோக்கில் அது நியாயமான விதிவிலக்கு. ஆனால் எந்த அறிகுறியை எழுதினால் பணம் வரும் என்பது தெரிந்துவிட்டால் அந்த அறிகுறி பெருகத்தான் செய்யும்.

கனடா தந்த மறுமொழி

ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் அலெக்சாண்ட்ரா கர்க்லி தொடங்கிய ஆய்வு 2008 செப்டம்பரில் அதே இதழில் வந்தது. அவர் 2002இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். உடனிருந்தோர் முடித்து வெளியிட்டார்கள். இதில் போலி அறுவை இல்லை. 188 பேர் சீட்டுக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு சாராருக்கும் இயன்முறைச் சிகிச்சையும் மருந்தும் கிடைத்தன, ஒரு சாராருக்குக் கூடுதலாக அறுவை. ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வோமாக் அளவுகோலில் (0 முதல் 2400 வரை, குறைவே நல்லது) இரண்டாண்டு முடிவில் அறுவைக் குழு 874, மற்றது 897. பெண்களும் இருந்தார்கள், அளவுகோலும் மாறியது, முடிவு மாறவில்லை. ஹூஸ்டன் ஆய்வைக் குறைசொன்ன வாதங்களில் பெரும்பகுதி இத்துடன் ஓய்ந்தது. அமெரிக்க எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் கழகமும் அவ்வாண்டு இறுதியில், தேய்மானமே முதன்மை நோயாக உள்ளவர்களுக்கு இந்த அறுவை வேண்டாமென்று வழிகாட்டியது.

ஜவ்வு என்னும் பின்வாசல்

அறுவை நின்றுவிடவில்லை, பெயர் மாறியது. 'தேய்மானத்துக்காக அன்று, ஜவ்வு கிழிந்திருப்பதற்காக' என்று காரணம் இடம்பெயர்ந்தது. கர்க்லியின் ஆய்விலும் பெரிய கிழிசல்கள் விலக்கப்பட்டிருந்தமையால் இந்த வாதத்துக்கு இடம் இருந்தது. நடுவயதுக்காரர் வலியென்று வருகிறார், எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், அறிக்கையில் ஜவ்வுக் கிழிசல் என்று எழுதியிருக்கிறது. கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்போது வலிக்கு வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்?

இந்த இடத்தில்தான் மார்ட்டின் எங்லண்ட் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. அவர்கள் நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர மக்களிலிருந்து, முழங்கால் வலி உண்டா இல்லையா என்று பாராமல், 50 முதல் 90 வயதுவரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஜவ்வில் கிழிசலோ சிதைவோ இருந்தவர்கள் 50 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களில் 19 விழுக்காடு. 70 முதல் 90 வயதுவரையுள்ள ஆண்களில் 56 விழுக்காடு. கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை என்றார்கள். நரைத்த தலைமுடியைப் போல வயதோடு வருகிற ஒன்று, வலிக்கும் நாளில் படம் பிடிக்கப்பட்டதால் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது.

2013ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஏழு மையங்களில் 351 பேரைக் கொண்டு ஜெஃப்ரி கட்ஸ் குழு நடத்திய ஆய்வு வந்தது. தேய்மானமும் ஜவ்வுக் கிழிசலும் சேர்ந்தே உள்ள, 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையோடு இயன்முறைச் சிகிச்சையா, இயன்முறைச் சிகிச்சை மட்டுமா என்பது கேள்வி. ஆறு மாதத்தில் செயல்திறன் முன்னேற்றம் அறுவைக் குழுவுக்கு 20.9 புள்ளி, மற்றதற்கு 18.5 புள்ளி, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இயன்முறைக் குழுவில் 30 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் அறுவைக்கு மாறிவிட்டார்கள். இது போலி அறுவை இல்லாத எல்லா அறுவை ஆய்வுகளுக்கும் உள்ள நோய்: தனக்கு எது கிடைக்கவில்லை என்பது நோயாளிக்குத் தெரியும், பொறுமை தீர்ந்ததும் அதைத் தேடிப் போவார். அந்த மாற்றத்தை அறுவைக்கு ஆதரவாகவும் படிக்கலாம், எதிராகவும் படிக்கலாம். இரு தரப்பும் அப்படித்தான் படித்தன.

ஆகவே மீண்டும் போலி அறுவைக்கே திரும்பவேண்டியதாயிற்று. ஃபின்லாந்தில் ஐந்து மருத்துவமனைகளில் ரைனே சிவோனென் குழுவினர் 35 முதல் 65 வயதுவரையுள்ள 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்குத் தேய்மானம் இல்லை, உட்புற ஜவ்வில் வயது சார்ந்த கிழிசல் மட்டுமே. ஜவ்வு அறுவைக்கு இதைவிடச் சாதகமான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோருக்கும் முதலில் உள்நோக்கியால் மூட்டைப் பார்த்தார்கள். கிழிசல் உறுதியான பிறகே உறை பிரிக்கப்பட்டது. போலிக் குழுவில் வெட்டும் அலகு பூட்டாத சுரண்டு கருவியை ஓடவிட்டு முழங்கால் சில்லின் மேல் வெளியிலிருந்து அழுத்தினார்கள். அதிர்வும் ஓசையும் உண்மையானவை. மோஸ்லியின் உப்புநீர்ச் சலசலப்பு இங்கே நுட்பம் கூடி வந்திருந்தது. ஓராண்டு முடிவில், முழங்காலின் அறிகுறிகளையும் செயல்பாட்டையும் அளக்கும் லிஷோம் அளவுகோலில் முன்னேற்றம் அறுவைக் குழுவுக்கு 21.7, போலிக் குழுவுக்கு 23.3. இரு குழுக்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டவர்கள், தேவைப்பட்டால் இதே சிகிச்சையை மறுபடி செய்துகொள்வோம் என்றார்கள். நோயாளியின் மனநிறைவு சிகிச்சை பலித்ததற்குச் சான்றாகாது என்பதை இந்த ஒரு வரியைப்போலப் பளிச்சென்று காட்டும் தரவு அரிது.

இந்த முடிவுகளை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. விளையாட்டிலோ விபத்திலோ திடீரென்று கிழிந்த இளவயதினரின் ஜவ்வு, பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாத முழங்கால், சீழ்பிடித்த மூட்டு ஆகியவை இந்த ஆய்வுகளின் எல்லைக்கு வெளியே உள்ளவை. உலகளவில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் நடப்பதாகக் கணக்கிடப்பட்ட அறுவைகளில் பெரும்பகுதி வயது சார்ந்த தேய்வுக்கானவை என்பதால்தான், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2017இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை அத்தகையோரில் ஏறக்குறைய அனைவருக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி வேண்டாமென்று அழுத்தமாகச் சொன்னது. மூன்று மாதத்தில் 15 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்குச் சிறு பலன், அதுவும் ஓராண்டில் மறைந்துவிடுகிறது. தேறி எழுவதற்கோ இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது என்பது அதன் கணக்கு.

ஃபின்லாந்து குழு தன் நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் மீண்டும் எழுதியது. வலியிலும் செயல்திறனிலும் இரு குழுக்களும் அப்போதும் சமமாகவே இருந்தன. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் ஒரு படியாவது கூடியவர்கள், ஜவ்வை வெட்டிய 67 பேரில் 48 பேர். வெட்டாத 73 பேரில் 44 பேர். நம்பக இடைவெளி சுழியையும் தொட்டுச் செல்வதால், வெட்டியதுதான் தேய்மானத்தை விரைவுபடுத்தியது என்று இந்த எண்களை மட்டும் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. கிழிந்த ஜவ்வை அப்படியே விட்டால் மூட்டு கெட்டுவிடும், வெட்டினால்தான் காக்கலாம் என்று நோயாளியிடம் சொல்வதற்கும் இந்த எண்களில் இடமில்லை.